மறைப்புப் பலகை

ஏப்ரல் 7

ஈஸ்டர் முடிந்து சீரியல் செட்டுகளையெல்லாம் சுருட்டி மூட்டை கட்டியாயிற்று. இந்த டைரியின் முதல் மூன்று மாதத்தில் எந்தக் கோயிலுக்கு எத்தனை டியூப்லைட் போனது என்பது மட்டும்தான் இருக்கிறது. பின்னால் என் வாழ்க்கை வரலாற்றை எழுத வருகிறவர் ஏமாந்து போவார். ஆகவே இன்று முதல் நடப்பதை எழுதுகிறேன்.

ரெமிஜியஸ் ஆகிய எனக்கு, ரெமி ஒலி ஒளி அமைப்பகத்தின் உரிமையாளருக்கு, நேற்று பெண் பார்க்கப் போனோம். அம்மா, அக்கா, நான். பெண் பெயர் எஸ்கலின். தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜெண்டிடம் வேலை. தோணிகள் கிளம்பத் தேவையான தாள்களையெல்லாம் அலைந்து திரிந்து முடித்துக் கொடுப்பது அவள்தானாம். அவள் அப்பா கஸ்பார், 'சகாய ராணி' தோணியின் தண்டல். தண்டல் என்றால் தோணிக்குக் கேப்டன். எஞ்சின் வைத்த பெரிய மரத்தோணி அது. வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய் வரும்.

பெண் தலையைக் குனிந்துகொண்டு காபி கொடுக்கவில்லை. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்க கடல்ல போயிருக்கீயளா?"

"கடலா? நமக்குக் கடல்தானே வீடு," என்றேன்.

அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு இருமல் வந்துவிட்டது. நான் சொன்னதில் பொய் இல்லை. மணப்பாட்டுக்கு ஒருமுறை வள்ளத்தில் போயிருக்கிறேன். வழி முழுக்கப் படுத்திருந்ததால் கடலைச் சரியாகப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

தோணிக்குப் புது எஞ்சின் வைத்ததில் பழைய வயரிங் எல்லாம் போய்விட்டது, லைட் வேலைக்கு ஆள் தேடுகிறேன் என்று கஸ்பார் சொன்னார். "எங்க ரெமி இருக்கும்போது வேற ஆள் எதுக்கு?" என்று அம்மா முந்திக்கொண்டாள். கிளம்பும்போது கஸ்பார் மகளைப் பார்த்து, "நீ என்ன பிள்ளை சொல்லுதே?" என்றார்.

"தோணி இந்த வருசக் கடைசி நடை போயிட்டு வரட்டும். வாற அன்னைக்குச் சொல்லுதேன்," என்றாள்.

எனக்கு அவள் பதிலைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. ஊரில் பெண்ணா கிடைக்காது? நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. வெக்கை அதிகம்.

ஏப்ரல் 10

தோணிக்குப் போனேன். கஸ்பார் எஞ்சினுக்கு அடியில் கிடந்தார். கால் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கால்களோடுதான் பேசினேன்.

"பாய்மரத்துல வெள்ளை. இடப்பக்கம் சிவப்பு. வலப்பக்கம் பச்சை. பின்னாடி ஒரு வெள்ளை. ராத்திரி எதிர வாறவனுக்கு நாம எங்கிட்டுப் போறோம்னு தெரியணும். அம்புட்டுதான் தம்பி."

இதைப் போய் ஒரு வேலை என்று சொல்ல வேண்டுமா? நாலு பல்பு. பெரிய கோயில் திருவிழாவுக்கு பல்பு வளைவு கட்டினவன் நான்.

பழைய பக்க விளக்குகளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளக்கை ஒட்டி, உட்பக்கமாக, கறுப்புப் பெயிண்ட் அடித்த ஒரு பலகை. பாதி வெளிச்சத்தை அது மறைத்துக்கொண்டிருக்கிறது. மறுபக்கமும் அப்படியே. விளக்கையும் வைத்துப் பலகையும் வைத்தவன் எந்த ஊர்க்காரனோ. குடத்துக்குள் வைத்த விளக்கு என்பார்களே, அதை நேரில் பார்த்தது இன்றுதான். இரண்டு பலகைகளையும் பிடுங்கி, தோணியில் சமைக்கிற பண்டாரியிடம் கொடுத்தேன். மீன் வெட்ட வாகாக இருக்கும் என்று மனிதர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் 14

சித்திரைப் பிறப்பு. ஊரெல்லாம் லீவு, எனக்கு வேலை. நாலு பக்கமும் சுற்றித் தெரிகிற உருண்டை எல்.இ.டி. வாங்கி மாட்டியிருக்கிறேன். சிவப்பை எங்கே நின்று பார்த்தாலும் சிவப்பு, பச்சையை எங்கே நின்று பார்த்தாலும் பச்சை. ரெமி செய்தான் என்று நாலு பேர் சொல்ல வேண்டாமா? அதனால் தோணியின் இரண்டு ஓரத்திலும் சிவப்பும் பச்சையும் மாறி மாறி ஓடுகிற சீரியல் செட், பாய்மர உச்சியில் நீல நட்சத்திரம், பின்பக்கம் தோகை விரிக்கிற மயில்.

எஸ்கலின் இன்று இரண்டு தடவை வந்தாள். அப்பாவிடம் கையெழுத்து வாங்க வேண்டுமாம். இரண்டு தடவையும் கஸ்பார் தோணியில் இல்லை. வெளியே போய்விட்டார் என்று காலையிலேயே தெரிந்திருக்கும், ஆனாலும் பாவம், வெயிலில் அலைகிறாள்.

மயிலைக் கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாந்து பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"அழகுக்கு."

"கிளம்பும்போது கழட்டிருவீயள்ல?"

நகைச்சுவை உணர்வு உள்ள பெண். எனக்குப் பிடித்திருக்கிறது. நகைச்சுவை உணர்வைச் சொல்கிறேன். போகும்போது ஒரு டப்பாவில் மாசிக் கருவாட்டுச் சம்பல் வைத்துவிட்டுப் போனாள். பண்டாரிக்காக இருக்கும் என்று கொடுக்கப் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீரே தின்னும் ஓய்," என்றார்.

ஏப்ரல் 16

நாளை சாயங்காலம் தோணியைப் பட்டறையிலிருந்து சரக்கு ஏற்றுகிற துறைக்கு மாற்றுகிறார் கஸ்பார் மாமா. மாமா என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அடிக்கவில்லை.

ஏப்ரல் 17

பெரிதாக எழுத ஒன்றும் இல்லை. போன் தண்ணீரில் விழுந்தது. நானும்.

ஏப்ரல் 18

தும்மலுக்கு நடுவே எழுதுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, துறைமுகம் முழுக்கப் பேச்சு.

நேற்று விளக்கு வைக்கிற நேரத்துக்கு 'சகாய ராணி' கட்டவிழ்த்தது. விளம்பரத்துக்கு வீடியோ எடுக்கலாம் என்று நான் என் சிநேகிதன் சில்வேரியின் ஃபைபர் படகில் ஏறி முன்னால் போனேன். ஸ்விட்சைப் போட்டதும் கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். அம்மாவும் அக்காவும் வந்திருந்தார்கள். மேலே நட்சத்திரம், ஓரத்தில் சிவப்பும் பச்சையும் ஓட, பின்னால் மயில் விரிய, கடலில் ஒரு சப்பரம் புறப்பட்ட மாதிரி இருந்தது. என் கண்ணே கலங்கிவிட்டது.

"அண்ணே, தோணி அங்கிட்டுப் போவுதா, இங்கிட்டு வருதா?" என்று சில்வேரி கேட்டான்.

பார்த்தேன். சிவப்பும் தெரிகிறது, பச்சையும் தெரிகிறது, மயிலும் தெரிகிறது. மயில் பின்பக்கம்தானே? பின்பக்கம் தெரிந்தால் தோணி போகிறது என்றுதானே அர்த்தம்?

"போவுதுல," என்றேன்.

போனுக்குள் தோணி பெரிதாகிக்கொண்டே வந்தது. நான் விரலைத் தெரியாமல் எங்கேயோ வைத்துப் பெரிதாக்கிவிட்டேன் என்று நினைத்தேன். பிறகுதான் எஞ்சின் சத்தம் தலைக்கு மேலே கேட்டது. சில்வேரி ஒரே வெட்டாகத் திருப்பினான். படகு தப்பித்தது, சில்வேரி தப்பித்தான், நான் மட்டும் தனியாகப் பிரிந்தேன். மாமா எஞ்சினைப் பின்னுக்கு ஓட்டி நிறுத்தியிருக்காவிட்டால் இந்த டைரியை அக்காதான் முடித்திருப்பாள்.

மூங்கில் கழியை நீட்டி இழுத்தார்கள். கழியின் மறுமுனையில் எஸ்கலின். தாள்களைக் கொடுக்கத் தோணியில் ஏறியிருந்தாளாம். "அடிபட்டுச்சா? எங்கயாவது அடிபட்டுச்சா?" என்று கேட்டதையே கேட்டாள். நான் மேலே ஏறின பிறகும் கழியை விடவில்லை. கடல்தானே வீடு என்று நான் சொன்னதை அவள் ஞாபகப்படுத்தவே இல்லை. நல்ல வளர்ப்பு.

மாமா திட்டவில்லை. விளக்குகளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "இங்க ரெண்டு பலகை இருந்துச்சே?" என்றார். பண்டாரி ஒன்றின் மேல் சீலா மீனை வெட்டிக்கொண்டிருந்தார். மற்றது அடுப்புக்குப் போயிருந்தது. மாமா எஞ்சின் பக்கம் போய்விட்டார். இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 20

விளக்குகளைப் பார்த்து அனுமதி கொடுக்க சர்வேயர் நல்லபெருமாள் சார் வந்தார். தோணி கிளம்ப அவர் கையெழுத்து வேண்டும்.

"இது தோணியா, சப்பரமா?" என்றார்.

நானும் அதைத்தான் நினைத்திருந்தேன், ஆனால் அவர் சொன்ன விதம் வேறு. "சார், பாய்மர விளக்கு அஞ்சு மைலுக்குத் தெரியணும்னு சட்டம். ஆறு மைலுக்குத் தெரியும். பக்க விளக்கு ரெண்டு மைல்னு சட்டம். மூணு மைல் தெரியும்," என்றேன். நானும் விசாரித்துத்தான் வைத்திருந்தேன்.

"தெரியுறது சரிதான்ப்பா. தெரியக்கூடாத இடத்துலயும் தெரியுதே, அதுக்கு என்ன செய்ய?"

அப்புறம் சொன்னார். சிவப்பு, தோணிக்கு நேர் முன்னாலிருந்து இடப்பக்கம் வரைக்கும்தான் தெரிய வேண்டும். பச்சை அதே போல வலப்பக்கத்துக்கு மட்டும். பக்கத்தைத் தாண்டிக் கொஞ்சம் பின்னால் வந்தால் இரண்டும் மறைந்து, பின்விளக்கின் வெள்ளை மட்டும் தெரிய வேண்டும். எதிரே வருகிறவன் தோணியைப் பார்ப்பதில்லை, இருட்டில் நிறத்தைத்தான் பார்க்கிறான். சிவப்பு மட்டும் தெரிந்தால் நான் இவனுக்கு இடப்பக்கம் இருக்கிறேன் என்று புரிந்துகொள்வான். எல்லாப் பக்கமும் எல்லாம் தெரிந்தால் அவனுக்கு ஒன்றுமே தெரியாது. இதைக் குழப்புகிற வேறு விளக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

எனக்கு இது புரிய அவர் இவ்வளவு பேசியிருக்க வேண்டாம். பதினேழாம் தேதியே தண்ணீருக்குள் புரிந்துவிட்டது.

கையெழுத்துப் போடவில்லை. இருபத்தைந்தாம் தேதி மறுபடி வருகிறாராம். அன்றைக்கும் சரியில்லை என்றால் அவ்வளவுதான். காற்றுக் காலம் வந்து தோணிகளையெல்லாம் கட்டிப் போட்டுவிடுவார்கள். அப்புறம் செப்டம்பரில்தான் நடை.

நடை போகாத தோணி எங்கிருந்து திரும்பி வரும்? திரும்பி வராவிட்டால் எஸ்கலின் எப்போது பதில் சொல்வாள்? செப்டம்பருக்குள் திருநெல்வேலியிலிருந்து ஒரு பேங்க் மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவான். அவள் பதிலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று ஏழாம் தேதி எழுதியிருந்தேன். அந்த வரியை இப்போதுதான் அடித்தேன். எனக்கு அவளைத்தான் பிடித்திருக்கிறது. வேறு யாரும் வேண்டாம்.

ஏப்ரல் 21

மயிலை இறக்கினேன். நட்சத்திரத்தை இறக்கினேன். சீரியல் செட்டைச் சுருட்டும்போது சரக்கு ஏற்றுகிறவர்கள் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கேலிக்கு ஒரு அளவு வேண்டாமா?

பலகை செய்ய வேண்டும். தோணிப் பட்டறையில் மிச்சம் கிடந்ததை வாங்கி இழைத்தேன். மறைப்பது ஒன்றும் எனக்குத் தெரியாத வித்தை இல்லை. வளைவில் நட்சத்திரம் ஓடுகிற மாதிரி காட்டுவது எப்படி? நடந்து வருகிறவன் கண்ணுக்கு ஒவ்வொரு பல்பாகத் தெரியும்படி தகரத்தை வளைத்து மறைத்து வைப்போம். இத்தனை வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், மறைப்பதும் என் தொழில்தான் என்று இன்று வரை தோன்றவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று அம்மா ஆறுதல் சொன்னாள். யானை என்று சொன்னது திருப்தியாக இருந்தது.

பளபளப்பு இல்லாத கறுப்புப் பெயிண்ட் தேடிக் கடை கடையாக அலைந்தேன். பளபளத்தால் வெளிச்சம் அதில் பட்டு மறுபக்கம் ஓடிவிடும்.

ஏப்ரல் 23

நேற்றும் இன்றும் சாயங்காலம் சோதனை. பலகை எந்த இடத்தில் முடிய வேண்டும் என்று நூலும் சாக்பீஸும் வைத்துக் கோடு போட்டுவிட்டேன். ஆனால் கோடு சரியா என்று கடலில் நின்று பார்த்தால்தான் தெரியும். தோணியில் நான். சில்வேரியின் படகில் எஸ்கலின். சில்வேரியும் இருந்தான், வேலை இல்லாமல். எஞ்சினின் கைப்பிடி எஸ்கலின் கையில். தோணியைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டே கத்தினாள்.

"தெரியுது!"

"இப்ப?"

"தெரியுது!"

"இப்ப?"

"தெரியல! நில்லுங்க, பச்சை கொஞ்சம் எட்டிப் பாக்குது!"

உளியை எடுத்துப் பலகையில் ஒரு சீவல் சீவுவேன். மறுபடி வட்டம். அடுத்த தோணிக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் "இப்ப?" என்றால் துறையே "தெரியல!" என்கிறது. வறுத்த கடலை விற்கிறவர்கூட வியாபாரத்தை விட்டுவிட்டு நின்றார்.

நேர் முன்னால் வந்தால் சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிய வேண்டும், ஒரு முழம் நகர்ந்தால் ஒன்று போய்விட வேண்டும். அதுதான் உயிரை வாங்கிவிட்டது. இன்று கடைசியில் வந்துவிட்டது. "நீங்களே வந்து பாருங்க," என்று எஸ்கலின் கூப்பிட்டாள். எனக்கு வேறு வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் படகில் இறங்கிவிட்டேன்.

சுற்றி வந்தோம். சிவப்பு. பிறகு சிவப்பு மறைந்து வெள்ளை. பிறகு வெள்ளை மறைந்து பச்சை. ஒன்று போகிற இடத்தில் ஒன்று வருகிறது. என் கையால் செய்தது. நானே வாயைப் பிளந்து பார்த்தேன். வாயைப் பிளந்திருக்கக் கூடாது. படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் சாப்பிட்டதையெல்லாம் கடலுக்குக் கொடுத்தேன்.

எஸ்கலின் எஞ்சினை நிறுத்திவிட்டு, பையிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்து நீட்டினாள்.

"கடல்தானே வீடுன்னீய?"

"ஆமா," என்றேன்.

"வீட்டுலயும் இப்படித்தான் வாந்தி எடுப்பீயளா?"

சில்வேரி படகுக்குள் உருண்டு உருண்டு சிரித்தான். அவனுக்கு இனிமேல் என் கல்யாணத்தில் பந்தியில் இடம் கிடையாது. கல்யாணம் என்று ஒன்று நடந்தால்.

அவள் எலுமிச்சம்பழத்தோடு ஏன் வந்தாள் என்று யோசித்தேன். தோணியில் யாருக்காவது தேவைப்பட்டிருக்கும்.

ஏப்ரல் 25

நல்லபெருமாள் சார் இருட்டுகிற நேரத்துக்கு வந்து படகில் ஒரு சுற்று சுற்றினார். இன்னொரு சுற்று சுற்றினார். எஸ்கலின் கையிலிருந்த ஃபைலைத் திறந்து திறந்து மூடினாள்.

கரையேறினதும், "மயில் எங்கப்பா?" என்றார்.

"வீட்டுல இருக்கு சார்."

"பத்திரமா வை. எம் பேத்திக்குக் காது குத்து வருது," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 27

'சகாய ராணி' வெங்காயம், உருளைக்கிழங்கு, செங்கல்லோடு கிளம்பியது. "கூட வாறியா தம்பி?" என்று மாமா கேட்டார். ஒரு கல்யாண வீட்டு ஆர்டர் இருக்கிறது என்றேன். "யார் வீட்டுக் கல்யாணம்?" என்றார். நான் குனிந்து கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தேன். மாமா சிரித்துக்கொண்டே எஞ்சினைத் தட்டிவிட்டார்.

பின்விளக்கு வெள்ளையாகப் போய்க்கொண்டே இருந்தது. அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் எஸ்கலினும் நின்றாள். அப்பா கடலுக்குப் போகும்போது எப்போதும் இப்படி நிற்பாளாம், அவள் அம்மா இறந்ததிலிருந்து. ஏஜெண்ட் ஆபீஸ் வேலைக்குப் போனதே தோணி எங்கே இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளத்தானாம். அவளாகவே சொன்னாள். நான் கேட்டுக்கொண்டு நின்றேன். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை.

மே 3

எஸ்கலின் தினமும் காலையில் என் கடை வழியாக ஆபீஸ் போகிறாள். அவள் வீட்டிலிருந்து ஆபீஸுக்கு இது சுற்று வழி. தண்டல் மகளுக்குத் திசை தெரியாமல் இருப்பது ஆச்சரியம்தான்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "உன்னை வச்சுக்கிட்டு நான் என்னதான் செய்ய," என்றாள்.

மே 10

தோணி மாலத்தீவிலிருந்து கிளம்பிவிட்டதாம். எஸ்கலின் கடை வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று பிடித்துவிட்டது, ரோட்டில் மணல் பறக்கிறது. "இந்தக் காத்துல வாறாவளே," என்று ஒரு தடவை சொன்னாள்.

சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். லைட் கட்டத்தானே கோயிலுக்குப் போவேன், இன்று வெறுங்கையோடு போனேன். மாதாவிடம் இரண்டு விஷயம் கேட்டேன். முதலில் தோணி, பிறகு பதில். அந்த வரிசையில்தான் கேட்டேன்.

மே 13

இன்று சாயங்காலம் தோணி வருகிறது என்று ஆபீஸுக்குச் செய்தி வந்துவிட்டது. பழைய துறைமுகத்துப் பாறைச் சுவரின் கடைசியில் போய் நின்றோம். நானும் எஸ்கலினும். கீழே சில்வேரி படகைக் கட்டிப் போட்டிருந்தான். சூரியன் போய், வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் மட்டும் மிச்சம் இருந்தது. பிறகு அதுவும் போனது.

முதலில் ஒரு வெள்ளை. "அதுதான்," என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். தெரியும் என்றாள். கொஞ்ச நேரத்தில் வெள்ளைக்குக் கீழே சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தன. நேராக எங்களைப் பார்த்து வருகிறது. தோணி வருகிற அன்றைக்குச் சொல்வதாகச் சொன்னாளே. இதோ வருகிறது.

அப்போது பச்சை போய்விட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். வெள்ளை இருக்கிறது. சிவப்பு இருக்கிறது. பச்சை இல்லை. உப்புக்காற்றில் வயர் அரித்திருக்கும். இல்லை, நான் போட்ட ஒட்டு விட்டிருக்கும். பல்பு கம்பெனியைச் சொல்லலாம், காற்றைச் சொல்லலாம், தோணிக்காரர்கள் மேலே மூட்டையைப் போட்டிருப்பார்கள் என்று சொல்லலாம். எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஆனால் அந்த ஒற்றை விளக்கை நம்பி இருட்டில் வருகிறவர் இவள் அப்பா.

"எஸ்கலின், என் வேலை கெட்டுப் போச்சு," என்றேன். "பச்சை அணைஞ்சுட்டு. என் தப்புதான். வேற யாரு மேலயும் இல்ல. கடல் எனக்கு வீடும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, அன்னைக்குச் சொன்னது பொய். நான் சில்வேரி படகுல போறேன். என் பையில பேட்டரியோட பச்சை லைட் இருக்கு. தோணில ஏறி வலப்பக்கம் புடிச்சுக்கிட்டு நிக்கேன்."

இதைச் சொல்லிக்கொண்டே பாறையில் இறங்க ஆரம்பித்துவிட்டேன். கீழே அலை நன்றாகவே அடித்துக்கொண்டிருந்தது. அடிக்கட்டும் என்று அடுத்த பாறைக்குக் காலை வைத்தேன். பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நில்லுங்க."

"விடுங்க, நேரம் போவுது."

"நில்லுங்கன்னு சொல்லுதேன்ல. அங்க பாருங்க."

வடக்கிலிருந்து ஒரு பெரிய கப்பல், உயரமும் தாழ்வுமாக இரண்டு வெள்ளை விளக்கோடு, தெற்குப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. நான் தோணியையே பார்த்துக்கொண்டிருந்ததில் இவ்வளவு பெரிய கப்பல் கண்ணில் படவில்லை.

"கப்பல் அப்பாவுக்கு வலப்பக்கம் வருது. அப்பாதான் வழி விடணும். அதான் வலப்பக்கமாத் திருப்பி அது பின்னால போறாவ. இப்ப நமக்கு அவிய இடப்பக்கம் மட்டும்தான் தெரியுது. பச்சை நமக்குத் தெரியவே கூடாது." மூச்சு வாங்கினாள். "அணையல. நீங்க வச்ச பலகைதான் மறைக்குது."

கப்பல் குறுக்கே வந்தது. சிவப்பும் போனது, வெள்ளையும் போனது. கறுப்பாக ஒரு சுவர் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. சட்டையைப் பிடித்த கையை அவள் விடவே இல்லை. அந்தக் கப்பல் போனது போல மெதுவாக எதுவும் போய் நான் பார்த்ததில்லை.

முதலில் வெள்ளை வந்தது. பிறகு சிவப்பு. தோணி மெல்லத் திரும்பியது. எட்டிப் பார்க்கிற மாதிரி பச்சை வந்தது. மூன்றும் சேர்ந்து நேராக எங்களைப் பார்த்து நின்றன.

எஸ்கலின் அழுதுகொண்டே சிரித்தாள். நான் எதற்கு இறங்கினேன் என்பதை நினைத்தாளா, அப்பா வருவதை நினைத்தாளா, தெரியவில்லை.

"தோணி வந்துட்டு," என்றாள்.

"இன்னும் கரைக்கு வரலியே," என்றேன். வாய் எனக்கு எப்போதும் விரோதிதான்.

"எனக்கு வந்துட்டு. சரின்னு உங்க அம்மாகிட்ட சொல்லுங்க."

என்ன பதில் சொன்னேன் என்று பின்னால் வரலாறு எழுதுகிறவர் கேட்பார். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. கீழே இருந்து சில்வேரி, "என்னண்ணே, மறுபடியும் வாந்தியா?" என்றான்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா வாசலிலேயே இருட்டில் உட்கார்ந்திருந்தாள். "என்னல சொன்னா?" என்றாள். சொல்லத்தான் நினைத்தேன். அம்மா எழுந்து லைட்டைப் போட்டு என் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டாள்.